பெண்கள் அணிக்குப் பெண் கோச் எங்கே?

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு ஆட்டத்தின் 40 நிமிடங்களும் சொந்தம். சர்வதேச விதிப்படி டைம்-அவுட் கேட்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கும் முதல் உதவிப் பயிற்சியாளருக்கும் மட்டுமே உண்டு. பெஞ்சுக்கு முன்னால் எழுந்து நிற்கவும் அந்த இருவரில் ஒருவருக்குத்தான் அனுமதி. மேனேஜர் என்ற பெயரில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த உரிமை எதுவும் கிடையாது. தென்னிந்தியக் கல்லூரி ஆட்டங்கள் பலவற்றில் எழுந்து நிற்பவர் ஆண். தண்ணீர் பாட்டில்கள், முதலுதவிப் பெட்டி, மாணவிகளின் அடையாள அட்டைகள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பெண். பல நேரங்களில் அவர் வேதியியலோ வணிகவியலோ நடத்தும் பேராசிரியை. அணியோடு ஒரு பெண் போயாக வேண்டும் என்பதற்காக அனுப்பப்பட்டவர்.

இந்த ஆட்டம் பெண்கள் கல்லூரிக்குள் நுழைந்ததே ஒரு பெண் ஆசிரியையால்தான். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே, அதிக தூரமில்லாத நார்தாம்ப்டனில், ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதிய ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. பந்தைப் பறிக்கக் கூடாது, களத்தை மூன்றாகப் பிரித்து அவரவர் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும் என்ற அவருடைய விதிகள் பின்னாளில் ஆட்டத்தின் வேகத்துக்குத் தடையாயின என்பது உண்மை. ஆனாலும் களமும் பயிற்சியும் முடிவும் பெண்கள் கையிலேயே இருந்தன.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பேட் சம்மிட்டின் வாழ்க்கை இந்தத் தொழிலின் முழு நீளத்தையும் காட்டும். 1974-ல், 22 வயதில், டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். சம்பளம் மாதம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டியதும் அவரே, சீருடைகளைத் துவைத்ததும் அவரே. 1976 ஒலிம்பிக்கில் ஆட்டக்காரராக வெள்ளி வென்றார். 1984-ல் பயிற்சியாளராகத் தங்கம். 38 ஆண்டுகளில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். மறதிநோய் தாக்கி 2012-ல் விலகினார். நான்காண்டும் அவரிடம் ஆடிய மாணவிகள் அனைவரும் பட்டம் பெற்றே வெளியேறினார்கள். கோப்பைகளைவிட இது பெரிய சாதனை.

சம்மிட் பொறுப்பேற்றதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1972-ல், கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. அதுவரை அங்கே எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண் பயிற்சியாளர்கள்தான். சட்டத்தால் பணம் வந்தது, நல்ல சம்பளம் வந்தது. அந்தப் பதவிகளுக்கு ஆண்களும் வந்தார்கள். இன்று பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே. பெண்களின் விளையாட்டு வளர வளரப் பெண் பயிற்சியாளர்கள் குறைந்துபோன இந்தக் கதையைத் தென்னிந்தியா கவலையோடு படிக்க வேண்டும். இங்கே பணம் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது.

இந்தியாவில் தலைமைப் பயிற்சியாளர் என்ற தனிப் பதவி பெரும்பாலான கல்லூரிகளில் கிடையாது. பி.டி. மேடம் என்று மாணவிகள் அழைக்கும் உடற்கல்வி இயக்குநரே கபடிக்கும் கோகோவுக்கும் கூடைப்பந்துக்கும் பொறுப்பு. அந்த இடத்தை அடையும் பாதை நீளமானது. பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று ஆடி முடித்தவர் பி.பி.எட்., எம்.பி.எட். படிக்க வேண்டும். 1920-ல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இந்தத் துறையின் மூத்த கல்லூரி. பிறகு நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம். நேரடி நியமனத்துக்கு வரும் 30 வயதுக்குட்பட்ட பெண், எட்டு நிமிடத்தில் 1000 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் உடற்தகுதி விதியும் உண்டு.

கூடைப்பந்துக்கே உரிய கோச் ஆக விரும்புபவர் 1961-ல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பை முடிக்க வேண்டும். ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே தங்கிப் படிக்க வேண்டியது அது. பெண்களின் வரிசை உடையத் தொடங்குவது இங்கேதான். படிப்புக்கான வயதும் கல்யாணப் பேச்சு வரும் வயதும் ஒன்று. படித்து வந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் தொகுப்பூதிய வேலை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வேலை. பேறுகால விடுப்பு எடுத்தவரின் இடத்தில் அடுத்த ஆண்டு வேறொருவர் நிற்பார்.

வேலையின் சுற்று, மாணவர் சேர்க்கைக்கு முன்பே தொடங்குகிறது. பள்ளிப் போட்டிகளுக்குப் போய் உயரமும் கால் வேகமும் உள்ள பெண்களைக் கண்டெடுத்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் ஹாஸ்டலும் வாங்கித் தர வேண்டும். பின் தேர்வாட்டம், காலையும் மாலையும் பயிற்சி. பெண்களுக்கான 6-ஆம் எண் பந்து ஆண்களுக்கான 7-ஆம் எண்ணைவிடச் சிறியது. எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அந்தப் பந்தை 3.05 மீட்டர் உயர வளையத்தில் போட, புதிதாக வரும் மாணவி பலமுறை தோளாலேயே தள்ளப் பார்ப்பாள். முழங்காலை மடக்கி, முழங்கையை வளையத்துக்கு நேராக வைத்து, கடைசியில் மணிக்கட்டை மடித்து விடச் சொல்லித் திருத்துவதற்கே வாரக்கணக்கில் ஆகும். அருகில் நின்று முழங்கையைப் பிடித்துக் காட்டித்தான் இதைக் கற்றுத்தர முடியும். ஆண் கோச் அந்த இடத்தில் தயங்கி விலகி நிற்கிறார், அல்லது தயங்காமல் நின்று மாணவியைத் தயங்க வைக்கிறார். மாதவிடாய் வலியோடு வந்தவளும், முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்தில் இருப்பவளும் அவரிடம் வாய் திறப்பதில்லை. குதித்து இறங்கும் விளையாட்டுகளில் இந்தத் தசைநார்க் காயம் பெண்களுக்கே அதிகம் என்பது விளையாட்டு மருத்துவம் உறுதி செய்த உண்மை.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டி முடிந்ததும் பல்கலைக்கழக அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும்; அங்கே முன்னேறினால் அகில இந்தியப் போட்டி. 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் சேர்ந்துகொண்டன. இந்தப் பயணங்களில் ஒரு கோச்சின் பெயர் உருவாகிறது. எத்தனை மாணவிகளுக்கு ரயில்வேயிலும் காவல்துறையிலும் வேலை கிடைத்தது என்பதே அவருக்கான மதிப்பெண். சென்னையில் வளர்ந்து, 2000 முதல் 2017 வரை இந்திய அணிக்காக ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். கேரளத்திலிருந்து போய் ஆஸ்திரேலியக் கிளப் அணியில் ஆடிய கீத்து அன்னா ஜோஸும் அதே ரயில்வே அணியில் ஆடியவர்தான். ஆட்டக்காரராக இவ்வளவு தூரம் வரும் பெண்களுக்கு வழி இருக்கிறது. அதன்பின் கல்லூரி அணியின் பெஞ்சுக்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

குடுபல்லி போன்ற ஊரில் இந்த அடைப்பு தெளிவாகத் தெரியும். ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்துக்குப் பக்கத்தில், பெங்களூரு–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கும் ஊர். கர்நாடகமும் தமிழ்நாடும் எட்டிப் பிடிக்கும் தூரம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேர்ந்து என்று வளரும் பிள்ளைகள் இந்த எல்லையில் நிறைய. குப்பத்தில் 1997-ல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியில் 1954-ல் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், பெண்களுக்காகவே 1983-ல் உருவான ஸ்ரீ பத்மாவதி மகிளா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. குப்பத்திலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். திருப்பதி ஏறக்குறைய இரு மடங்கு. இப்படி எந்தப் பக்கம் போனாலும் ஹாஸ்டல்தான். இங்குள்ள பெற்றோர் முதலில் கேட்பது கட்டணத்தைப் பற்றி அல்ல. “மேட்சுக்குப் போனா கூட யாரும்மா வருவாங்க?” என்பதுதான். “நான்தான் வருவேன், அம்மா” என்று ஒரு பெண் கோச் வீட்டு வாசலில் நின்று சொன்னால் பாதி மறுப்பு அங்கேயே கரைந்துவிடும்.

பெண்கள் அணியோடு பயணம் செய்யும் குழுவில் பெண் பயிற்சியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் 2022 ஜூனில் விளையாட்டுச் சம்மேளனங்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல விதி. கல்லூரி அளவில் அதே விதியை மேனேஜர் என்ற நாற்காலியால் நிறைவேற்றிவிட முடியும் என்பதே கவலைக்குரியது. பாதுகாவலர் ஒருவரை அனுப்புவது வேறு, பயிற்சியாளரை உருவாக்குவது வேறு.

திறமைதான் முக்கியம், கோச் ஆணா பெண்ணா என்பது பொருட்டல்ல என்ற வாதமும் உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 1985 முதல் 12 தேசியப் பட்டங்கள் பெற்றுத் தந்த ஜீனோ ஆரியம்மா ஓர் ஆண்தான். ஆனால் அவர் நாட்டில் சம்மிட்டைப் போன்ற பெண்களும் தலைமை இடத்தில் இருந்தார்கள். இங்கே மாணவிக்கு அந்த இடத்தில் தன்னைப் பொருத்திப் பார்க்க ஆள் கிடைப்பது அரிது.

வழி கடினமானதல்ல. ஒவ்வொரு பெண்கள் அணிக்கும் முதல் உதவிப் பயிற்சியாளர் இடத்தை முன்னாள் மாணவி ஒருவருக்கு ஒதுக்கலாம். பட்டயப் படிப்புக் காலத்துச் செலவைக் கல்லூரியே ஏற்கலாம். தொகுப்பூதிய ஒப்பந்தத்தில் பேறுகால விடுப்பை எழுத்தில் சேர்க்கலாம். அடுத்த கல்வியாண்டுக்கான ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க உட்காரும் கல்லூரி நிர்வாகங்கள், தங்கள் அணியில் ஆடிவிட்டு இன்று ரயில்வேயிலும் காவல்துறையிலும் இருக்கும் பெண்களின் பெயர்களை முதலில் எடுத்துப் பார்க்கட்டும்.