பாட்டிக்கு ஏன் பெயர் மறக்கிறது?

"உன்கூடப் படிக்கிறானே, அந்தப் பையன்... பேர் நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது!" என்று உங்கள் பாட்டி தவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துச் சிரித்தும் இருப்பீர்கள். ஆனால், "'மு'வில் தொடங்கும், பாட்டி" என்று எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். "முருகேசன்!" என்று உடனே சொல்லிவிடுவார். அப்படியானால் பெயர் தொலைந்து போகவில்லை; தேடி எடுப்பதில்தான் தாமதம். இது ஏன்?

மாணவர்களே, நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. வயதாக ஆக இவை ஏராளமாக மடிந்துவிடும் என்று முன்பு கருதினார்கள். நோயில்லாத முதுமையில் அவ்வளவு இழப்பு இல்லை என்று பின்னர் தெரிந்தது. செல்களைவிட, அவற்றுக்கு இடையிலான இணைப்புகளே அதிகம் மாறுகின்றன.

பௌதிகப் பாடத்தில் மின்கம்பியின் உறையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நரம்பிழைகளுக்கும் மயலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. உறையுள்ள பருத்த இழையில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரை பாயும். உறையில்லாத மெல்லிய இழையிலோ சுமார் 1 மீட்டர்தான்! முதுமையில் இந்த உறை ஆங்காங்கே சிதைவதால் மூளையின் வேகம் குறைகிறது.

புதிய நினைவுகளைப் பதிய உதவும் பகுதி ஹிப்போகாம்பஸ். கடல்குதிரை போல் வளைந்திருக்கும். முதுமையில் இது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் சுருங்குகிறது. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சொல்வளம் அவ்வளவாகக் குறைவதில்லை.

சுருக்கத்தைத் தடுக்க முடியுமா? 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் வேகமாக நடந்த முதியவர்களுக்கு ஓராண்டில் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. எனினும் நடை உடலுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பத்துச் சொற்களைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து அவற்றைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு வேறு பத்துச் சொற்களையும் கலந்து படித்து, முன்பு கேட்டவை எவை என்று கேளுங்கள். தாமாகச் சொன்னதைவிட அடையாளம் கண்டவை அதிகமாக இருக்கும். நீங்களும் செய்து பாருங்கள், உங்களுக்கும் அப்படித்தான்!

பழகிய தெருவிலேயே வழி தவறினாலோ, நாள்தோறும் செய்த சமையலே மறந்தாலோ அது வேறு; மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறும் பெயர் மறதிக்கு? சிரிக்காதீர்கள். முதல் எழுத்தை எடுத்துக் கொடுங்கள், சற்றுப் பொறுத்திருங்கள். பெயர் தானே வரும்.