வர மறுக்கும் பின், பறிபோகும் கண்

டையைப் பிரிக்கும்போது ஒரே ஒரு டோவல் பின் மட்டும் வர மறுக்கும். உற்பத்தி நின்றுகிடக்கும், சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். கையில் கிடைத்த பழைய பின்னையே பன்ச்சாக வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. இருங்காட்டுக்கோட்டை சிப்காட் முதல் ஒரகடம் வரை பிரஸ் ஷாப்பிலும் டூல் ரூமிலும் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்த ஒரு போடு கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

ஆபத்து எங்கே?

டோவல் பின் கடினப்படுத்திய எஃகு. சுத்தியலின் முகமும் அப்படியே. இரண்டும் மோதினால் நசுங்காது, சில்லாகத் தெறிக்கும். மணல் அளவுச் சில்லு கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருக்கலாம். பார்வைகூட அப்போதைக்குத் தெளிவாகவே இருக்கலாம். தூசி என்று விட்டுவிட்டால், உள்ளே தங்கிய இரும்பு நாளடைவில் விழித்திரையைக் கெடுத்துவிடும்.

பாதுகாப்பாகக் கழற்ற

டை பிரஸ்ஸில் இருந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுங்கள். ராம் இறங்காதபடி சேஃப்டி பிளாக் வையுங்கள். பின் எந்த வகை என்று பாருங்கள். டேப்பர் பின்னைச் சிறிய முனையிலிருந்துதான் அடிக்க வேண்டும். மறுபக்கம் அடித்தால் இன்னும் இறுகும். மறுபக்கம் திறப்பில்லாத துளையில், உள்மரை உள்ள பின் என்றால், ஸ்லைடு ஹாமரால் இழுக்கலாம். துரு இருந்தால் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பிளேட்டுக்கு அடியில், துளையைச் சுற்றித் தாங்கல் கொடுத்து, பின்னைவிடச் சற்று மெல்லிய பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் மறைப்புள்ள ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளுங்கள். அடிப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

கண்ணில் பட்டால்

தேய்க்காதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்திக் கட்டாதீர்கள். காகிதக் கோப்பையால் மூடி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். ‘இரும்பை இரும்பால் அடித்தபோது பட்டது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏனென்றால், உள்ளே இரும்பு இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அதை இழுத்துக் கண்ணைச் சிதைக்கக்கூடும். சிகிச்சைக்குச் சென்னை எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

உங்கள் உரிமை

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, பாதுகாப்புச் சாதனங்களுக்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடமும் அரசு ஆய்வாளரிடமும் முறையிடலாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். வேலையில் பட்ட காயத்துக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். மற்றக் கண் நலமாக இருந்து ஒரு கண்ணை இழந்தவருக்கு, சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனதாகச் சட்ட அட்டவணை கணக்கிடுகிறது. அதற்கேற்ற தொகை வாழ்நாள் முழுவதும் வரும். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர் முதலாளியிடமே இழப்பீடு கோரலாம்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இவை பொருந்தும். ஒப்பந்ததாரர் சந்தா கட்டாவிட்டால் ஆலை நிர்வாகமே பொறுப்பு.

செய்ய வேண்டியது

விபத்தை அன்றே பதிவேட்டில் எழுதவையுங்கள். ‘வீட்டில் அடிபட்டது என்று சொல், செலவைப் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். அந்த ஒரு பொய் வாழ்நாள் பலனை அழித்துவிடும். உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். அதை வீட்டில் ஒருவரிடமும் எழுதிக் கொடுத்துவையுங்கள்.