அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்
மரத்தின் மேல் ஆள், கீழே தெரு, நடுவில் ஒரு துண்டுக் கயிறு. அது எத்தனை கிலோ தாங்கும் என்பதைக் கடையில் தரும் பில் சொல்வதில்லை.

ஏப்ரல், மே வந்தால் மும்பைத் தெருக்களில் ரம்பச் சத்தம் தொடங்கிவிடும். ஜூனில் மழை இறங்குவதற்குள், சாலைமேல் கவிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களையும் குல்மோஹர்களையும் கழித்தாக வேண்டும். மாநகராட்சியின் 2018 கணக்கெடுப்பில் பதிவான மரங்கள் ஏறத்தாழ 29.75 லட்சம். வேலை பெரும்பாலும் கான்ட்ராக்டர்களின் கையில்.

கீழே காரும் கேபிளும் தகரக் கூரையும் இருக்கும் இடத்தில் கிளையை வெட்டி அப்படியே விழவிட முடியாது. மரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, அதன் வழியே ஓடும் கயிற்றில் கிளையைப் பிணைத்து, வெட்டியதும் மெல்ல இறக்க வேண்டும். கப்பியை அடிமரத்தோடு பிடித்து வைத்திருப்பது 'ஸ்லிங்' என்ற துண்டுக் கயிறு. இரு முனையிலும் கண் வைத்தது. மரத்தைச் சுற்றிச் சுருக்காக மாட்டுவார்கள். வெட்டுபவர் தன் இடுப்புக் கயிற்றைக் கட்டியிருப்பதும் அதே அடிமரத்தில்தான்.

அந்தத் துண்டு எவ்வளவு தாங்க வேண்டியிருக்கும்? 30 செ.மீ. விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் கொண்ட பச்சைக் கட்டை சுமார் 100 கிலோ. பெரிய எடையல்ல. ஆனால் அது ஒரு மீட்டர் சும்மா விழுந்து, கயிறு கால் மீட்டர் நீண்டு அதை நிறுத்தினால், உச்சக் கணத்தில் கயிற்றில் ஏறும் இழுப்பு சுமார் 1,000 கிலோ. கப்பியின் இரண்டு பக்கமும் கயிறு கீழ்நோக்கி இழுப்பதால் ஸ்லிங்குக்கு வருவது ஏறத்தாழ 2,000 கிலோ. உராய்வு கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும்; அதை நம்பி மரமேறக் கூடாது.

கடைகளில் கிலோ கணக்கில் விற்கும் முப்புரி பாலிப்ரொப்பிலீன் கயிறு 12 மி.மீ. தடிமனில் சுமார் 2 டன் தாங்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 5175 இதற்கானதுதான். ஆனால் அந்த 2 டன், புதிய கயிற்றுக்கு. ஸ்லிங் வெறும் கயிறல்ல. அதன் முனையில் கண் வைத்தாக வேண்டும். முடிச்சுப் போட்டுக் கண் வைத்தால் பலத்தில் 30 முதல் 50 சதவிகிதம் போய்விடும். முடிச்சின் வளைவில் வெளிப்பக்க நார்கள் மட்டுமே சுமையை வாங்குகின்றன. புரிகளைப் பிரித்து, திருப்பி, கயிற்றின் உடலிலேயே மாறி மாறிச் சொருகிப் பின்னினால் இழப்பு சுமார் 10 சதவிகிதம்தான். இழுக்க இழுக்கப் பின்னல் இறுகும். சசூன் டாக்கில் படகு கட்டும் கயிறுகளுக்கு மீனவர்கள் இந்தப் பின்னலைத்தான் போடுகிறார்கள். கடற்கரையில் இருக்கும் இந்தக் கைப்பழக்கம் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள மரத்துக்கு வந்து சேருவதில்லை.

பின்னல் சரிதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அறுத்துத்தான் பார்க்க வேண்டும். இதற்கு வெளிநாட்டு இயந்திரம் எதுவும் வேண்டாம். பொறியியல் கல்லூரிகளில் இரும்புக் கம்பியை இழுத்துப் பார்க்கும் 40 டன், 60 டன் யூ.டி.எம். இயந்திரங்கள் இருக்கின்றன. சிக்கல் வேறு: அவை இரும்புக்காகச் செய்யப்பட்டவை. இரும்பு சில மில்லிமீட்டர் நீளும். கயிறோ இறுகி, நெளிந்து, நீண்டு, அறுவதற்குள் இயந்திரத்தின் வீச்சே தீர்ந்துவிடும். ஆகவே நீண்ட இரும்புச் சட்டம், ஹைட்ராலிக் ஜாக்கி, சுமையைக் காட்டும் லோடு செல் ஆகியவற்றைக் கொண்டு தனி மேடை அமைப்பதே வசதி. மேலே வலை போட்டு மூடி, ஆட்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அறுந்த நைலான் சவுக்கைப் போலத் திரும்பி அடிக்கும், உயிரையே வாங்கிவிடும்.

எவ்வளவில் அறுந்தது என்பதைவிட, எங்கே அறுந்தது என்பது அதிகம் சொல்லும். பின்னல் முடிந்து வெறும் கயிறு தொடங்கும் இடத்தில் அறுந்தால் பின்னியவர் தேர்ந்தவர். கண்ணுக்குள் அறுந்தால் மாட்டிய கம்பி மெலிதாக இருந்திருக்கும். அந்தச் சோதனையே செல்லாது. மிக மோசமானது, அறுபடாமலே உருவிக்கொண்டு வருவது. பாலிப்ரொப்பிலீன் வழுக்கும் நார். இரண்டு மூன்று சொருகலோடு நிறுத்தினால் இதுதான் நடக்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் மணிலாக் கயிற்றுக்குக் குறைந்தது 3, செயற்கை நாருக்கு 4 முழுச் சொருகல் கேட்பது காரணமில்லாமல் அல்ல.

ஒன்றை அறுத்துவிட்டு முடிவுக்கு வருவதும் ஆபத்து. உதாரணத்துக்கு ஐந்து ஸ்லிங்குகள் 1,900, 1,850, 1,400, 1,880, 1,870 கிலோவில் அறுந்ததாகக் கொள்வோம். சராசரி 1,780. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மரத்தில் மாட்டப்போவது அந்த 1,400-ஆகவும் இருக்கலாம். அதனால்தான் கயிறு உற்பத்தியாளர்கள் சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தை இருமடங்காகக் கழித்துவிடுகிறார்கள். இங்கே மிஞ்சுவது சுமார் 1,350. சுமை தூக்கும் நார்க்கயிற்று ஸ்லிங்குகளுக்கு ஐரோப்பியத் தரம் கேட்கும் பாதுகாப்பு மடங்கு 7. வகுத்துப் பார்த்தால் 2 டன் கயிற்றை நம்பிச் செய்த ஸ்லிங்கில் தொங்கவிடக்கூடியது சுமார் 190 கிலோ. அதுவும் ஆடாமல் அசையாமல் தொங்கினால்.

மேலே சொன்ன 100 கிலோ கட்டைக்கு இது எந்த மூலைக்கு? 24 மி.மீ. கயிறு 7 டன்னுக்கு மேல் தாங்கும், வாங்கலாம். செலவில்லாத வழிகளும் உண்டு. கட்டையை அரை மீட்டர் துண்டாக வெட்டினால் எடை மூன்றில் ஒரு பங்கு. வெட்டுமுன் கயிற்றின் தொய்வை இழுத்துவிட்டால் விழும் தூரம் குறையும். கீழே நிற்பவர் சட்டென்று பிடிக்காமல், கயிற்றைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினால் உச்ச இழுப்பு பாதிக்கும் கீழே வரும்.

இவையெல்லாம் புதிய ஸ்லிங்குக்கான கணக்கு. பாலிப்ரொப்பிலீனை வெயில் தின்றுவிடும். நைலான் நனைந்தால் 10 முதல் 15 சதவிகிதம் பலம் இழக்கும். ஒவ்வொரு அதிர்ச்சியும் உள்ளே சில நார்களை அறுத்துவிட்டுப் போகும். ஆகவே ஒரு பருவம் உழைத்த ஸ்லிங்குகளில் சிலவற்றையும் எடுத்து அறுத்துப் பார்ப்பதே சோதனையின் பாதி. மிச்சமுள்ளவை எப்போது ஓய்வு பெற வேண்டும் என்பதை அந்த எண்கள் சொல்லும். ஓய்வு பெற்றதை முழுசாகக் குப்பையில் போடக் கூடாது. யாராவது எடுத்துப்போய் வேறொரு மரத்தில் மாட்டுவார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் கத்தி வைத்து, இரண்டாக அறுத்த பிறகே வீச வேண்டும்.