ஒன்பது டம்ளர் கூழ்

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறதாம். என் செட்டு ஓடுவதே சில மணி நேரம். யார் போட்ட கணக்கு இது?"

நியாயமான கேள்வி. தமிழகத்தில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. வரலாறு இவ்வளவு போதும். இலவசம் என்பதால் மீட்டர் இல்லாத மோட்டார் எவ்வளவு இழுத்தது என்பதைக் குதிரைத்திறனையும் ஓடிய நேரத்தையும் வைத்து மதிப்பிடத்தான் முடியும்.

என்னை ஈர்ப்பது வேறு. ஒரு யூனிட் மின்சாரம் துளியும் வீணாகாவிட்டால், 30 மீட்டர் ஆழத்திலிருந்து 12,000 லிட்டர் தண்ணீரை ஏற்றிவிடும். விழுப்புரம் பக்கத்துக் கிணற்றில், ரெண்டு தடவை காயில் கட்டிய மோட்டார் நாலாயிரம் லிட்டர் ஏற்றினாலே பெரிது.

எரிபொருளின் ஆற்றலைக் கூழாகவும், அதை வீட்டிலிருந்து கழனிக்கு அனுப்புவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நெய்வேலி மாதிரி ஓர் அனல்மின் நிலையத்தில் ஒன்பது டம்ளர் ஊற்றுகிறோம். ஆறை அடுப்பே குடித்துவிடுகிறது. கொதிகலனின் புகையாகவும் குளிர்விப்புக் கோபுரத்தின் ஆவியாகவும் அது போகிறது. மூன்று டம்ளர் கம்பியேறுகிறது. வழியில் அரை டம்ளர் சிந்தும். மீதி இரண்டரையில் மோட்டாரும் பம்பும் குழாயும் ஆளுக்கொரு வாய் குடித்தபின், தண்ணீருக்குக் கிடைப்பது ஒரு டம்ளருக்கும் குறைவு.

எரிபொருள் வாரியான பட்டியல் ஒன்பது என்று எழுதும். துறை வாரியான பட்டியல் 'விவசாயம்' என்ற தலைப்பில் இரண்டரை என்று எழுதும். இரண்டுமே சரி. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விவசாயியைக் குறை சொல்வதுதான் தவறு. கழனியில் நனைந்த மண்ணின் கணக்கு இரண்டிலுமே இல்லை.

சூரிய பம்பு வந்தால் எல்லாம் தீர்ந்தது என்கிறார்கள். அடுப்பு குடித்த ஆறு டம்ளர் மிச்சமாகும், உண்மை, அதற்காகவே வரவேற்கிறேன். ஆனால் அடைத்த புட்வால்வும் ஒடுங்கிய குழாயும் சூரியனுக்கு இரங்காது. செலவில்லாமல் நாள் முழுக்க ஓடும் பம்பு நீர்மட்டத்தையும் இறக்கும். இறங்கிய ஒவ்வொரு மீட்டரும் அடுத்த வருஷக் கூழில் பங்கு கேட்கும்.

வாசகருக்கு ஒன்று சொல்வேன்: குழாயைப் பாருங்கள். அதே அளவு தண்ணீருக்கு இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக்கினால், உராய்வில் போகும் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே மிச்சமாகும் ஒரு வாய்க்கு, அடுப்பில் பல வாய் ஊற்ற வேண்டாம்.