ஆறாத பானை, மறையாத சூரியன்: ஒஸ்லோவில் யூதர்களின் ஓய்வுநாள்

டிசம்பர் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் பிற்பகல் 3 மணி 12 நிமிடமளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. அலுவலகங்கள் இன்னும் மூடப்படாத வேளை அது. ஆனால் அந்நகரில் மத விதிகளைக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பங்கள், வெள்ளிக்கிழமைகளில் அதற்குள் மறுநாளுக்கான சமையலையும் முடித்திருக்க வேண்டும்.

சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்கள் முன்னதாக விளக்கேற்றி ஓய்வுநாளை வரவேற்பது யூதர்களிடையே பரவலான வழக்கம். அதன் பிறகு சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும் வரை அடுப்பை மூட்டவோ, அணைக்கவோ, சமைக்கவோ கூடாது. சனிக்கிழமை நண்பகலில் சூடான உணவு வேண்டுமானால், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன்பே ஆயத்தமான பானை சுமார் 21 மணி நேரம் ஆறாமல் இருக்க வேண்டும்.

அதை எவ்வாறு ஆறாமல் வைத்திருப்பது? எதனால் மூடலாம், எதனால் மூடக்கூடாது? வீட்டுச் சமையலறைக்குரிய சிறு விடயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியை யூத சட்ட அறிஞர்கள் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

தடை எதற்கு?

ஓய்வுநாளில் வசிப்பிடங்களில் தீ மூட்டலாகாது என்ற கட்டளை யூதர்களின் வேதநூலான தோராவின் யாத்திராகமப் பகுதியில் இடம்பெறுகிறது. கி.பி. 200-ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளைப் பட்டியலிடுகிறது. தீ மூட்டுதல், அணைத்தல், சமைத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

ஆனால் ஓய்வுநாளுக்கு முன்பே மூட்டப்பட்ட தீ தானாக எரிந்துகொண்டிருக்கலாமா என்ற கேள்வியில் யூதர்களிடையே பெரும் பிளவு ஏற்பட்டது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் மேற்காசியாவில் உருவான கராயிகள் என்னும் பிரிவினர், வீட்டில் தீயே இருக்கக்கூடாது என்று வாதிட்டனர். தொடக்ககாலக் கராயிகள் வெள்ளிக்கிழமை இரவை இருளிலேயே கழித்தனர். ரபிகள் எனப்படும் மதகுருமாரின் மரபைப் பின்பற்றியவர்களோ, முன்கூட்டியே ஏற்றிய விளக்கும் முன்கூட்டியே ஆக்கிய சூடான உணவும் அனுமதிக்கப்பட்டவை மட்டுமல்ல, ஓய்வுநாளுக்குச் சிறப்புச் சேர்ப்பவையும்கூட என்றனர்.

இதனால் சனிக்கிழமைச் சூட்டுணவு, ஒருவர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும் அடையாளமாகவே மாறியது. 12-ஆம் நூற்றாண்டில் தென் பிரான்ஸில் வாழ்ந்த செராஹியா ஹலேவி என்ற அறிஞர், ஓய்வுநாளில் சூடான உணவை உண்ண மறுப்பவர் மாற்றுக் கொள்கையினரா என்று விசாரிக்கப்பட வேண்டும் என எழுதும் அளவுக்கு இந்தப் பூசல் சென்றது.

ஈர வைக்கோலும் உலர்ந்த வைக்கோலும்

பானையைப் பொதிந்து வைப்பதை எபிரேய மொழியில் 'ஹத்மனா' என்பர். மறைத்து வைத்தல், புதைத்து வைத்தல் என்பது இச்சொல்லின் பொருள். மிஷ்னாவின் ஓய்வுநாள் பகுதியில் நான்காம் அதிகாரம் முழுவதும் இதனைப் பற்றியே பேசுகிறது.

எண்ணெய் பிழிந்த ஒலிவச் சக்கை, சாணம், உப்பு, சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றில் பானையைப் பொதியக்கூடாது. அவை ஈரமாக இருந்தாலும் உலர்ந்திருந்தாலும் தடைதான். துணி, தானியம், புறாவின் இறகு, மரத்தூள் முதலியவற்றில் பொதியலாம். வைக்கோல், திராட்சைச் சக்கை, புல்பூண்டு ஆகியவை ஈரமாக இருந்தால் கூடாது, உலர்ந்திருந்தால் கூடும்.

இந்த வேறுபாட்டின் காரணம் நம் கிராமங்களில் வைக்கோற்போர் பார்த்தவர்களுக்குப் புதிதன்று. சரியாகக் காயாத வைக்கோலை அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிப் போர் சூடேறும். சில வேளைகளில் தானாகவே தீப்பற்றுவதும் உண்டு. உலர்ந்த வைக்கோல் அவ்வாறு வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பானையில் உள்ள சூட்டை வெளியேறவிடாமல் தடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

ஆகவே சட்டம் பொருட்களை இரண்டாகப் பிரிக்கிறது. வெப்பத்தைக் கூட்டும் பொருட்களில் வெள்ளிக்கிழமையே பொதிந்து வைப்பதும் தவறு. வெப்பத்தைக் காக்கும் பொருட்களில் ஓய்வுநாள் தொடங்குமுன் பொதியலாம். தொடங்கிய பின் புதிதாகப் பொதியக்கூடாது.

இரண்டு தடைகளுக்கும் மனித இயல்பையே தல்மூத் என்னும் பெருநூல் காரணம் காட்டுகிறது. வெப்பம் கூட்டும் பொருளை அனுமதித்தால் ஒருவர் பானையை நீறு பூத்த நெருப்பில் புதைப்பார். பிறகு ஓய்வுநாள் என்பதை மறந்து தணலைக் கிளறுவார். ஓய்வுநாளில் பொதிய அனுமதித்தால், பானை ஆறியிருப்பதைக் கண்டு அதைக் கொதிக்க வைக்க முற்படுவார். செயல் தவறானது என்பதைவிட, அது அடுத்த செயலுக்கு இட்டுச் செல்லும் என்பதே இங்கு கவலை.

திபேரியா நகரத்தாரின் கதையொன்றும் மிஷ்னாவில் உண்டு. அவ்வூரில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. குளிர்ந்த நீர்க்குழாய் ஒன்றை அவர்கள் ஊற்றின் வழியே செலுத்தி, தீயின்றி நீரைச் சூடாக்கினர். அந்நீர் ஓய்வுநாளில் காய்ச்சிய நீருக்கு ஒப்பானது என்று அறிஞர்கள் தீர்ப்பளித்தனர். தானாக இயங்கும் ஏற்பாடும் சட்டத்தின் பார்வைக்குத் தப்பாது என்பதற்கு இது ஆரம்பகால எடுத்துக்காட்டு.

நோர்வேயின் புல்பெட்டி

இதே வெப்பக் காப்புமுறையை நோர்வே மக்களும் தம் வழியில் கண்டறிந்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. காய்ந்த புல் நிரப்பிய மரப்பெட்டியை அவர்கள் 'ஹொய்காசெ' என்பர். கஞ்சியையோ பருப்பையோ அடுப்பில் கொதிக்க வைத்து, மூடிய பானையைப் பெட்டிக்குள் புதைத்துவிட்டால், விறகின்றிப் பல மணி நேரத்தில் அது வெந்துவிடும்.

நோர்வேயரான யோஹான் சோரன்சன், புல்லுக்குப் பதிலாகத் தடித்த கம்பளி போன்ற உரோமப் பொதி வைத்துச் செய்த பெட்டியை 1867-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்சிப்படுத்தினார். 'தானே சமைக்கும் நோர்வே அடுப்பு' என்று அது ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது நோர்வேயிலும் பிரிட்டனிலும் இப்பெட்டிகள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன.

மிஷ்னாவின் அளவுகோலில் வைத்துப் பார்த்தால், உலர்ந்த புல் நிரப்பிய நோர்வேப் பெட்டி அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் பிறக்குமுன் பானையை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும் என்பதே நிபந்தனை.

விண்மீன் தோன்றாத இரவு

ஆனால் வடதுருவத்தை நெருங்கும் நாடுகளில் 'ஓய்வுநாள் பிறக்குமுன்' என்பது எளிதில் வரையறுக்கக்கூடிய ஒன்றன்று. ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் ஒஸ்லோவில் சூரியன் இரவு 10 மணி 44 நிமிடமளவில்தான் மறைகிறது. நள்ளிரவிலும் அது அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 6.7 பாகை மட்டுமே இறங்குகிறது. ஓய்வுநாளின் முடிவைக் குறிக்கும் மூன்று நடுத்தர விண்மீன்கள் தெரிவதற்குச் சூரியன் 7 முதல் 8.5 பாகை வரை இறங்க வேண்டும் என்று வழக்கமாகக் கணக்கிடப்படுகிறது. அந்த அளவுகோலின்படி ஒஸ்லோவின் கோடைச் சனிக்கிழமைக்கு முடிவே வருவதில்லை.

பகலா இரவா என்று ஐயம் தரும் அந்தி வேளையையும் மிஷ்னா சிந்தித்திருக்கிறது. அவ்வேளையில் பானையைப் பொதிவதற்கு அது சலுகை அளிக்கிறது. ஆயினும் அந்தி சில நிமிடங்களே நீடிக்கும் நிலப்பரப்பில் எழுதப்பட்ட விதி அது. வட நாடுகளுக்கு ரபிகள் வேறு கணக்குமுறைகளை வகுத்துள்ளனர். நள்ளிரவையே ஓய்வுநாளின் எல்லையாகக் கொள்வது அவற்றுள் ஒன்று. கோடையில் சூரியன் மறையும்வரை காத்திராமல் ஓய்வுநாளை முன்னதாகவே ஏற்றுக்கொள்வதும் பல சமூகங்களில் உள்ள வழக்கம்.

ஒஸ்லோவுக்கு வடக்கே, பழைய ரயில் நிலையக் கட்டடம் ஒன்றில் 1925-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் துரொண்ட்ஹைம் தொழுகைக்கூடம், உலகின் மிக வடக்கே உள்ள யூதத் தொழுகைக்கூடங்களில் ஒன்று. அங்கு டிசம்பரில் சூரியன் பிற்பகல் இரண்டரை மணியளவிலேயே மறைந்துவிடுகிறது.

பானைக்குள் என்ன?

ஐரோப்பிய யூதர்களின் ஓய்வுநாள் உணவான 'சோலெண்ட்', வாற்கோதுமை, அவரை, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி ஆகியவற்றை இரவு முழுவதும் வேகவைத்துச் செய்யப்படுவது. ஸ்பானிய யூதர்கள் தமது உணவை 'அடஃபினா' என்றனர். புதைக்கப்பட்டது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1492-ஆம் ஆண்டு யூதர்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கிறிஸ்தவத்துக்கு மாறி அங்கேயே தங்கியவர்கள்மீது நடந்த சமய விசாரணைகளில், வெள்ளிக்கிழமை சமைத்துச் சனிக்கிழமை உண்டதே இரகசிய யூதர் என்பதற்குச் சான்றாக முன்வைக்கப்பட்டது. அடுப்பில் இருந்த பானை ஒருவரைக் காட்டிக்கொடுக்கக்கூடியதாக இருந்தது.

நோர்வேயிலும் இந்த வரலாறு சுமுகமானதன்று. 1814-ஆம் ஆண்டின் நோர்வே அரசியல் சாசனம் யூதர்கள் நாட்டுக்குள் நுழைவதையே தடைசெய்தது. கவிஞர் ஹென்ரிக் வெர்கெலான்ட் இத்தடைக்கு எதிராகப் போராடி, அது நீங்குவதைக் காணாமலே 1845-இல் இறந்தார். தடை 1851-இல் நீக்கப்பட்டது. ஒஸ்லோவின் யூத சமயச் சங்கம் 1892-இல் உருவானது. இன்றும் பயன்பாட்டில் உள்ள தொழுகைக்கூடம் 1920-இல் திறக்கப்பட்டது.

விலங்குகளை மயக்கமுறச் செய்த பின்னரே அறுக்க வேண்டும் என்ற சட்டம் 1929-இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இது யூத அறுப்பு முறைக்கு மாறானது. எனவே சோலெண்ட் பானைக்கான இறைச்சி அன்றிலிருந்து இறக்குமதியாகவே கிடைத்து வருகிறது.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1942 நவம்பர் 26-ஆம் தேதி வியாழக்கிழமை, 500-க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிக்கொண்டு 'டொனாவ்' என்ற கப்பல் ஒஸ்லோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அவர்கள் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களது அந்த வார ஓய்வுநாள் கடலில் கழிந்தது. நோர்வேயிலிருந்து நாடுகடத்தப்பட்ட 770-க்கும் மேற்பட்டோரில் உயிர் தப்பியவர்கள் 40 பேருக்கும் குறைவு. இந்தக் கைதுகளில் நோர்வேக் காவல்துறைக்கு இருந்த பங்குக்காக 2012 ஜனவரியில் அப்போதைய பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டென்பெர்க் மன்னிப்புக் கோரினார்.

மின்சாரம் எழுப்பும் கேள்விகள்

இன்று பெரும்பாலான வீடுகளில் மின்தட்டும் மெதுவாகச் சமைக்கும் மின்பானையும் வைக்கோலின் இடத்தைப் பிடித்துள்ளன. எனினும் பழைய கேள்வி அவற்றைத் தொடர்கிறது. மின்பானையின் உட்கலத்தைச் சூடேறும் சுவர் சூழ்ந்திருக்கிறது. இது வெப்பம் கூட்டும் பொருளில் பொதிவதாகுமா? பானை எல்லாப் பக்கமும் மூடப்பட்டால்தான் பொதிதல் என்பது கிழக்கு ஐரோப்பிய மரபு. 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூலைப் பின்பற்றும் ஸ்பானிய, மேற்காசிய மரபினரோ, பகுதியளவு மூடுவதையும் தடைக்குள் சேர்க்கின்றனர். 1995-இல் காலமான ஜெருசலேம் அறிஞர் ஷ்லோமோ சல்மான் அவர்பாக் இப்பானைகள் குறித்து ஐயம் எழுப்பிய பின்னர், அலுமினியத் தாளைச் சுருட்டி அடியில் வைத்து உட்கலத்தை உயர்த்தும் வழக்கம் பல வீடுகளில் பரவியது.

இதில் உயிர் தொடர்பான பக்கமும் உண்டு. 2015 மார்ச் 21-ஆம் தேதி, ஓய்வுநாளின் அதிகாலையில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு வீட்டில் உணவைச் சூடாக வைத்திருந்த மின்தட்டிலிருந்து தீ பரவி ஏழு குழந்தைகள் உயிரிழந்தனர். உயிரைக் காக்கும் கடமை ஓய்வுநாள் விதிகளை மீறி நிற்கும் என்பது யூத சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. ஆபத்து வேளையில் தொலைபேசியை எடுப்பதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் அச்சட்டத்தின்படியே கடமையாகிறது. வெப்பத்தைக் கூட்டும் பொருளைவிடக் காக்கும் பொருளே ஏற்றது என்ற பழைய பாகுபாடு, இத்தகைய விபத்துகளுக்குப் பின் வேறொரு பொருளிலும் கவனிக்கத்தக்கதாகிறது.

நோர்வேயில் யூதர்களின் தொகை சுமார் 1,500 என மதிப்பிடப்படுகிறது. அதே நாட்டில் வாழும் தமிழர்கள் அதைவிடப் பன்மடங்கு அதிகம். நாள், திதி, நட்சத்திரம் ஆகியவற்றை வெப்பநாட்டுக் கணக்கில் கொண்டுவந்து பனிநாட்டு நாட்காட்டியோடு பொருத்திப் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் அந்நியமானதன்று. விதி எழுதப்பட்ட நிலம் வேறு, அது கடைப்பிடிக்கப்படும் நிலம் வேறு என்ற நிலையில், எதைக் காப்பது, எதை நெகிழ்த்துவது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

2015 பிப்ரவரி 21-ஆம் தேதி, கோபன்ஹேகனில் தொழுகைக்கூடம் தாக்கப்பட்டு ஒரு வாரமானபோது, முஸ்லிம் இளைஞர்களின் அழைப்பை ஏற்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒஸ்லோ தொழுகைக்கூடத்தின் முன் திரண்டனர். இளைஞர்கள் கைகோத்து அரண் அமைத்து நின்றனர். ஓய்வுநாள் முடிந்ததைக் குறிக்கும் சடங்கு அன்று திறந்த வெளியில், அவர்கள் முன்னிலையில் நடைபெற்றது. பிப்ரவரி மாதமாதலால் வானம் உரிய நேரத்தில் இருண்டிருந்தது.