தலைநகரை விட்டுட்டு நெப்போலியன் ஏன் மாஸ்கோ போனார்?

1812-ல் நெப்போலியன் பிடிச்சது ரஷ்யத் தலைநகரைன்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லை! அப்போ தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். மகா பீட்டர் நூறு வருஷம் முன்னாடியே அரசவையை அங்கே மாற்றிட்டார்.

அப்புறம் ஏன் மாஸ்கோ? 1147-லேயே ஏடுகளில் பெயர் வரும் ஊர் அது. பதவி போனாலும் மரியாதை போகலை. மன்னர்களுக்கு முடிசூட்டுவது கிரெம்ளின் தேவாலயத்தில்தான். ரஷ்யப் படை பின்வாங்கியதும் அந்தப் பக்கம்தான். மாஸ்கோ விழுந்தா ரஷ்யா பணிஞ்சிடும்னு அவர் கணக்கு.

செப்டம்பர் 14-ல் உள்ளே நுழைஞ்சா, ஊர் கிட்டத்தட்ட காலி. அன்றிரவே தீ. பெரும்பாலும் மர வீடுகள். சில நாளில் நகரத்தின் பெரும்பகுதி சாம்பல். நகர முடியாமல் கிடந்த காயம்பட்ட ரஷ்ய வீரர்கள் பலர் உள்ளேயே செத்தாங்க.

நெப்போலியன் அஞ்சு வாரம் சமாதானத்துக்குக் காத்திருந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த முதலாம் அலெக்சாண்டர் பதிலே தரலை. எங்க பாஷையில், சர்வர் ரூமைப் பிடிச்சிட்டார். பாஸ்வேர்டு வேற ஊர்ல! அக்டோபர் 19-ல் கிளம்பினார். பசியும் குளிரும் படையை வழியிலேயே தின்னுடுச்சு.

1918 மார்ச்சில் ஜெர்மன் படை நெருங்கினப்போ, லெனின் அரசு பாதுகாப்பு தேடி ஓடி வந்ததும் இதே மாஸ்கோவுக்குத்தான். எரிஞ்ச ஊர் மறுபடி தலைநகர் ஆச்சு.