பள்ளிக்கூடத்துக்குச் சீர், வெள்ளைக்காரருக்குப் பொங்கல்: தேனியைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

தேனிப் பக்கம் காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்தால் மூன்று செய்தி கட்டாயம் இருக்கும்: பெரியாறு அணையின் நீர்மட்டம், ஏலக்காய் விலை, மேகமலைப் பக்கம் மழை. அதே பேப்பரின் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்! பள்ளி ஆண்டு விழா, கொடியேற்றம், கல்விச் சீர், சுழற்கோப்பை, முன்னாள் மாணவர் சந்திப்பு என்று பொடி எழுத்தில் வரிசையாக வரும். பலரும் தாண்டிப் போய்விடும் அந்தப் பொடி எழுத்துக்குள் எத்தனை அதிசயம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்!

இங்கிலாந்துக்காரருக்கு ஊரே பொங்கல் வைக்கிறது, தெரியுமா?

தேனியை அடுத்த பாலார்பட்டியில் ஜனவரி 15 வந்தால் தெருவில் பொங்கல் பானைகள் வரிசை கட்டும். குலவைச் சத்தம் காதைப் பிளக்கும், தேவராட்டம் களைகட்டும். யாருக்காக? முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்குக்காக! 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர் அவர். தமிழர் பொங்கல் வைக்கும் நாளையொட்டி அவர் பிறந்தநாள் அமைந்தது எத்தனை பொருத்தம் பாருங்கள்!

1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது அணை வேலை. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீரை மடக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும்தான்! இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்கள் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல். ஜூன் மாதம் தேக்கடித் தலைமதகைத் திறக்கும்போது பூத்தூவி வரவேற்பதே இங்கே ஒரு திருவிழா.

லோயர்கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர்தான். பள்ளத்தாக்கு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக், லோகன்துரை என்றெல்லாம் பெயர் உண்டு. லோகன் அவரோடு அணை வேலையில் நின்ற இன்னொரு பொறியாளர். 2022-ல் இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் தமிழ்நாடு அரசு பென்னிகுவிக்குக்குச் சிலையே நிறுவிவிட்டது. 100 ஆண்டு கடந்த நன்றி கடல் தாண்டிப் போயிருக்கிறது!

பள்ளிக்கூடத்துக்கும் சீர்வரிசை உண்டு, தெரியுமா?

காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வருவது தெரியும். சடங்குக்குச் சீர் வருவதும் தெரியும். ஊர் முழுக்கத் திரண்டு போய் அரசுப் பள்ளிக்கூடத்துக்குச் சீர் வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பெயர்தான் கல்விச் சீர்! தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நடக்கிறது, தேனிக் கிராமங்களிலும் நடக்கிறது.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கோயில் வாசலில் மேளம் கொட்டத் தொடங்கும். முன்வரிசையில் பெண்கள் தாம்பாளத் தட்டு ஏந்தி வருவார்கள். தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய் இருக்கும். பக்கத்துத் தட்டில் நோட்டுக் கட்டு, பேனா, பென்சில், சாக்பீஸ் டப்பா இருக்கும்! பின்னால் ஒருவர் தலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிச் சுமந்து வருவார். இன்னொருவர் கையில் மின்விசிறி, அடுத்தவர் தோளில் வெள்ளைப் பலகை. சுவர்க் கடிகாரம், குடிதண்ணீர்க் குடம், சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், அதற்கும் பின்னால் இரண்டு பேர் தூக்கி வரும் பீரோ. பள்ளி வாசலில் தலைமையாசிரியர் சந்தனம், குங்குமம் கொடுத்து வரவேற்பார். தன் பாட்டி தட்டு ஏந்தி வருவதைக் கண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரிசையை விட்டு ஓடி வரும்!

இதில் ஒரு பெரிய சேதி இருக்கிறது. சீர் வைக்கிறவர் உறவுக்காரர். பள்ளிக்கூடத்துக்கு ஊர் சீர் வைத்துவிட்டால், அந்த நாள் முதல் ஊர் பள்ளிக்குத் தாய்மாமன். தாய்மாமன் சும்மா இருப்பாரா? மதில் இடிந்தால் கேட்பார், வாத்தியார் இடம் காலியாக இருந்தால் கேட்பார், பிள்ளை படிப்பை நிறுத்தினால் வீடு தேடிப் போய்க் கேட்பார்!

பல்கலைக்கழகத்தைவிட 10 வயது மூத்த கல்லூரி இங்கே இருக்கிறது, தெரியுமா?

உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-ல் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம், அதாவது இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம், பிறந்ததோ 1966-ல்! பல்கலைக்கழகம் வருவதற்கு 10 ஆண்டு முன்பே இந்தச் சின்ன ஊரில் கல்லூரி மணி அடித்துவிட்டது. மலையடிவாரத்து விவசாயி வீட்டுப் பிள்ளை கட்டுச்சோறோடு போய்ப் பட்டம் வாங்கித் திரும்ப வழி பிறந்தது அப்படித்தான்.

இன்னும் பின்னால் போங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் கதை 1920-களில் தொடங்குகிறது. பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி, கைரேகை எடுத்துக் கண்காணித்த கொடிய சட்டம் அமலில் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் அந்த மக்களிடமே திரட்டிய கள்ளர் பொது நிதியும் சேர்ந்துதான் பள்ளிக்கூடங்களாக எழுந்தது. கைரேகைச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. பள்ளிகளோ சுமார் 300 ஆகப் பெருகி நிற்கின்றன! கைநாட்டு வைக்கச் சொன்ன சட்டம் போனது, கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் நிலைத்தது. இதைவிடப் பெரிய பள்ளிச் செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

மே மாதம் பெரியகுளத்துக்கு இந்தியாவே பந்து தட்ட வருகிறது, தெரியுமா?

மாம்பழத்துக்குப் பேர்போன பெரியகுளத்துக்கு இன்னொரு பெருமை கூடைப்பந்து! ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவு அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி 60 ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியக் கடற்படை, விமானப்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம் என்று பெரிய பெரிய அணிகள் இந்த ஊர்த் திடலில் வந்து ஆடியிருக்கின்றன.

மின்னொளியில் ஆட்டம். கோடைவிடுமுறை. பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் கால் மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். தலைநகரங்களில் டிக்கெட் வாங்கிப் பார்க்கவேண்டிய ஆட்டக்காரரைப் பத்தடி தூரத்தில் பார்த்து வளர்கிற பிள்ளைகள் அவர்கள்! தாத்தா பார்த்த போட்டியைப் பேரன் பார்க்கிறான். ஒரு சிற்றூர் மூன்று தலைமுறையாக ஒரு விளையாட்டைத் தோளில் சுமப்பது லேசான காரியமா?

ஒரு மரக்கொம்புக்கு ஊரே தண்ணீர் ஊற்றுகிறது, தெரியுமா?

சித்திரை பிறந்தால் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் முக்கிளை அத்திமரக் கம்பம் நடுவார்கள். முல்லையாற்றில் முங்கி எழுந்த மக்கள் குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு வந்து அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். அடுத்து 8 நாள் பெருந்திருவிழா! இராப்பகலாக அக்னிச்சட்டி ஆற்றங்கரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். கண் நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் துளைகள் நிறைந்த ஆயிரங்கண் பானை எடுப்பார்கள். பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே கண் பெற்றான் என்பது தலவரலாறு. தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவதால், பள்ளிப் பிள்ளைகளின் நாட்காட்டியில் வீரபாண்டிக்குத் தனி வட்டம்!

ஆண்டுக்கு ஒரே நாள் திறக்கும் கோயிலுக்கு இரண்டு மாநிலம் காவல், தெரியுமா?

கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறையில், தமிழக, கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம். சித்திரா பௌர்ணமி அன்று ஒரு நாள்தான் மக்கள் போகலாம். பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு அது. அந்த ஒரு நாளுக்காகத் தேனி ஆட்சியரும் இடுக்கி ஆட்சியரும் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கிறார்கள்! குமுளியிலிருந்து ஜீப் ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், பளியங்குடியிலிருந்து காட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறுகிறவர்கள் மறுபக்கம். மேலே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்க, பாடப்புத்தகத்தில் படித்த சிலப்பதிகாரத்து நாயகியைப் பிள்ளைகள் நேரில் கும்பிட்டுத் திரும்புகிறார்கள்.

2,000 ஆண்டு பழைய இரங்கல் செய்தி இங்கே கிடைத்தது, தெரியுமா?

2006-ல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர்கள் 3 நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்றிலும் தமிழ்ப் பிராமி எழுத்து! 2,000 ஆண்டுக்கும் மூத்தவை. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு அறிஞர்கள் அவற்றைக் கொண்டுபோகிறார்கள். ஆநிரைப் பூசலில் உயிர் விட்ட ஒருவனின் பெயரை அதில் ஒரு கல் சொல்கிறது. நம் ஊர் வீரன் மறைந்தான், மறக்காதீர்கள் என்று அன்றைக்கு ஊர் கூடி நட்ட கல் அது. உள்ளூர்ச் செய்தி எழுதும் வழக்கம் வைகைக்கரையில் இத்தனை பழையது!

ஏழாம் வகுப்பு வரை சொந்த ஊரில் ரயிலையே பார்க்காத பிள்ளைகள் இருந்தார்கள், தெரியுமா?

அகலப் பாதை வேலைக்காக 2010 டிசம்பர் 31-ஓடு மதுரை, போடி ரயில் நின்றது. மே 2022-ல்தான் தேனிக்கு மறுபடி ரயில் வந்தது. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ல். நடுவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் ரயில் என்பது தாத்தா சொன்ன கதை! முதல் ரயில் வந்த அன்று தண்டவாளத்து ஓரமெல்லாம் கூட்டம் கூட்டமாக மக்கள். பூத்தூவினார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். இவ்வளவு சந்தோஷத்தோடு ஒரு ரயிலை வரவேற்ற ஊர் எத்தனை இருக்கும்?

ஊர் மேடையிலிருந்து லண்டன் மேடை வரை, தெரியுமா?

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பொதுக்கூட்டம், திருவிழா, எங்கே மேடை போட்டாலும் ஆர்மோனியத்தோடு பாவலர் சகோதரர்கள்! அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா. 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. இயக்குநர் பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். கவிஞர் மு. மேத்தா பெரியகுளத்துக்காரர். வைகை அணைக்காக மூழ்கிய மேட்டூர் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்து வடுகபட்டியில் வளர்ந்தவர் வைரமுத்து. உங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் மைக் முன்னால் கால் நடுங்க நிற்கிற பிள்ளையை அடுத்த முறை கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்!

சட்டென்று இன்னும் 3, தெரியுமா?

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம், இங்கே ஆண்டு முழுக்க அறுவடை!

மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் பாண்டியர் பெருமையாகச் சொல்லும் செப்பேடுகள் கிடைத்தது நம் சின்னமனூரில்!

மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1-ல். அணைக்கு 100 வயது தாண்டியபின் பிறந்த பிள்ளை இந்த மாவட்டம்!

இனி உங்களுக்கு ஒரு கேள்வி

அணை, கல்லூரி, சுழற்கோப்பை, நடுகல் என்று எதை எடுத்தாலும் பின்னால் ஓர் ஊர் கூடி நின்றிருக்கிறது. ஊர் கூடாத இடத்தில் எதுவும் நிலைத்ததில்லை. சரி, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எந்த ஆண்டு தொடங்கியது தெரியுமா? இடம் கொடுத்தவர் யார், முதல் வாத்தியார் யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் ஊரில் மூத்தவர் ஒருவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், நோட்டில் எழுதி வையுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, பாதி இடம் பெண்களுக்கு என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்த நாற்காலி உங்களுக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது, போய் உட்காருங்கள். அடுத்த கிராம சபையில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள். அடுத்த கல்விச் சீர் புறப்படும்போது உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு தட்டு போகட்டும். தட்டில் ஒரு பென்சில் டப்பா இருந்தாலே போதும்!